லுஹருக்குக் கொழும்பு, இஷாவுக்கு மதுரை

அதிகாலைத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் மோதினார் வந்து சாவுச் செய்தி சொன்னார்: "ஹனீபா அண்ணே மவுத்தாப் போயிட்டாக." கீழமாசி வீதியில் அவர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அவரை அறிந்த உங்களுக்கு நாலு வார்த்தை ஆறுதலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரம்தான் வருகிறது.

துணிக்கடைக்காரரான அவர், கொழும்புக்கும் திருச்சிக்கும் விமானம் பறக்கத் தொடங்கியதும் அதற்கு டிக்கெட் வாங்கித் தரும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைச் சுவரில் ஒரு தேசப்படம் மாட்டி, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே சிவப்பு நூல் கட்டினார். யாராவது கொழும்பு தூரம் என்றால் விடமாட்டார். "தூரம்னு சொல்லாதீக. எதுல போறீகன்னு சொல்லுங்க. மத்தியானம் லுஹரைக் கொழும்புல தொழுதுட்டு ஏறுனா, சாயங்காலம் அசரைத் திருச்சியில தொழலாம். மேலூர் ரோட்டுல காரைப் பிடிச்சா ராத்திரி இஷாவுக்கு மதுரை." தனுஷ்கோடியில் கப்பல் ஏறியே பழகிய நாம் அவர் கடைக்கு ஆகாசக் கடை என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார்.

ஒரே மகன் காசிம் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது விமானத்தில்தான் அனுப்பினார். "எனக்கு ஒண்ணுன்னா அன்னிக்கே வந்து என் மூஞ்சியைப் பார்த்துரணும்டா" என்று அவனிடம் சொன்னார். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அன்று காலை காசிமுக்குத் தந்தி கொடுத்தது நான். நடுப்பகலுக்குள் பதில் வந்தது: விமானத்தில் வருகிறேன், காத்திருங்கள். அதைப் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் காட்டினேன்.

"கடல் தாண்டி வாரவன் நாளன்னிக்குத்தான் வந்து சேருவான். மையித்தை அம்புட்டு நேரம் வைக்கலாமா?"

"இஷா வரைக்கும் பொறுங்க மாமு. வந்துருவான்."

"நீயும் ஆகாசக் கடையில சேந்துட்டியா?" என்றார். மரண வீட்டில் சிலர் சிரித்தார்கள்.

சீக்கிரம் அடக்குவது நம் வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் திருமங்கலத்திலிருந்து முத்தவல்லியின் மச்சான் வந்த பஸ் வழியில் நின்றுபோனபோது, இதே ஜமாஅத் ஒரு ஜனாஸாவை இருட்டும்வரை வைத்துக் காத்திருந்ததே. பஸ்ஸுக்குக் காத்திருந்த நமக்கு விமானத்துக்குக் காத்திருக்க மனமில்லை. அவர் ஆயுசெல்லாம் சொன்னதை அவர் வீட்டிலேயே ஒருவரும் நம்பவில்லை.

லுஹர் முடிந்ததும் அடக்கிவிட்டார்கள். இஷாவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது காசிம் காரிலிருந்து இறங்கினான். அத்தா சொன்ன அதே வழி, அதே நேரம். "அத்தாவை எங்கே வச்சிருக்கீக?" என்று கேட்டான். முத்தவல்லி, "அல்லாஹ் நாட்டம்ப்பா" என்றார். அல்லாஹ் மீது பழி போடாதீர்கள். அது நம்முடைய திமிர்.

அந்தத் தேசப்படத்தைக் காசிம் எனக்குத் தர வந்தான். உன்னிடமே இருக்கட்டும் என்றேன். ஹனீபா அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் கேள்வியை மட்டும்தான். இனி நம் மஹல்லாவில் யார் வீட்டில் மவுத் ஆனாலும், "பிள்ளை எதுல வாரான்?" என்று கேட்பேன். பதில் வரும்வரை, மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முடிந்தால் என்னை நகர்த்திவிட்டுத் தூக்கிப் பாருங்கள்.