வெள்ளக்கரட்டில் ஒரு மொட்டை விதை

செடிகளுக்குப் பேர் கண்டுபிடிக்கும் தொழிலில் முதலில் தேய்வது முழங்கால், அடுத்தது மானம். என்னைப்போலக் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டு, லீவு நாளில் கையில் லென்ஸோடு கரடு மேடெல்லாம் சுற்றுகிறவர் யாராவது இதைப் படித்தால், இப்போதே தலையை ஆட்டியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என்ன தொலைந்தது?

மழை ஓய்ந்த ஒரு ஐப்பசி ஞாயிறு. எடப்பாடிக்கு மேற்கே வெள்ளக்கரடு என்று ஒரு சின்னப் பாறைக் குன்று; அதன் அடிவாரத்து ஊருக்கும் அதே பேர். அதன் உச்சியில், பாறை இடுக்கில், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு செடி. இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல மின்னியது. பூ ஊதா நிறம், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் இருக்கிற குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல குட்டிப் பூக்களின் கூட்டம். அதைப் பார்க்கக் குப்புறப் படுத்துத்தான் ஆகவேண்டும். படுத்தேன்.

வயலோரமெல்லாம் முளைக்கும் பூவாங்குறுந்தல் போலத்தான் இருந்தது. ஆனால் பூவாங்குறுந்தல் விதையின் தலையில் காற்றில் பறக்கப் பஞ்சு இருக்கும். இதில் இல்லை. விதை மொட்டையாக இருந்தது. அப்படியானால் இது யாரும் பேர் வைக்காத புதுச் செடியாக இருக்கலாம்.

“ஏனுங்கம்மிணி, தோடு கீடு விழுந்துருச்சுங்களா?” என்று கேட்டபடி, அங்கே ஆடு மேய்க்கும் பாவாயி அக்கா வந்து, தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். தோடெல்லாம் இல்லை, இந்தச் செடியைத்தான் பார்க்கிறேன் என்றேன். அவர் செடியைப் பார்த்தார். சேறு அப்பிய என் சுடிதாரைப் பார்த்தார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார்: “ஏனுங்க, உங்க ஊட்டுப் பக்கம் செடியே மொளைக்காதுங்களா?”

நம்பாத முருகேசன்

எங்கள் துறையில் முருகேசன் என்று ஒருவர் உண்டு. எதையும் லேசில் நம்பமாட்டார். நான் கொண்டுவந்த கிளையைப் பார்த்து, “பஞ்சு இருந்து உதிர்ந்திருக்கும் மேடம்” என்றார். சொன்னதோடு விட்டிருந்தால் அவர் முருகேசன் இல்லை. மொட்டுகளை எடுத்து, ஊசி முனையால் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மொட்டிலேயே பஞ்சு இல்லை. அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. இதே செடியை எந்தக் காலத்திலோ எவரோ பார்த்துப் பேர் வைத்திருப்பார் என்று கிளம்பினார். ஏற்காடு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த குடும்பத்தைக் கோடை லீவு முழுக்கக் காக்கவைத்துவிட்டு, கோவையிலும் சென்னையிலும் உலர்த்தி வைத்திருக்கும் பழைய செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து படங்கள் வரவழைத்தார்.

என்னை ஜெயிக்கவைக்க இத்தனை பாடுபட்டவர் வேறு யாரும் இல்லை. லீவு முடிந்து வந்தவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார்: “நீங்க சொன்னது தப்புன்னு காட்ட என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன் மேடம். இதுக்கு இன்னும் யாருமே பேர் வைக்கலைங்க.”

ரிக் வண்டிக்காரர்

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கரட்டின் தலையைப் பொக்லைன் விட்டுச் சமன் செய்யப்போவதாகப் பாவாயி அக்கா சொன்னார். இடம் பழனிச்சாமி என்பவருடையது. தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். மழைக்காலத்தில் தொழில் நின்று, வெளிமாநிலம் போன வண்டியெல்லாம் ஊர் திரும்பும்போது நிறுத்த இடம் வேண்டும் அல்லவா?

நாங்கள் சுற்றுவட்டத்திலிருந்த கரடெல்லாம் ஏறிப் பார்த்துவிட்டோம். ஜேடர்பாளையம் வரை தேடினோம். வேறு எங்கும் இந்தச் செடி இல்லை. பஞ்சில்லாத விதை பறக்காது. தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். அந்தப் பாறை போனால் அத்தோடு எல்லாம் போயிற்று.

நானும் முருகேசனும் பயந்துகொண்டேதான் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்து உட்காரவைத்து, நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “சக்கரை வியாதிக்கு ஏதும் கேக்குமுங்களா இது?” என்றார். முருகேசன் என் காலை மிதித்தார். ஆமாம் என்று சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தெரியாதுங்கண்ணா. இதுல ஒரு பிரயோசனமும் இருக்கறதா இதுவரைக்கும் தெரியலீங்க” என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, காட்டுங்க” என்றார். வெயிலில் மூச்சு வாங்க ஏறினார். லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கனத்த உடம்போடு மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஊதாப் பூவை அவர் பார்த்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பூவுக்குள் பூவாக நட்சத்திரம்போல விரிந்திருப்பதை அவரே கண்டுபிடித்து, “அடடடா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்ததும் முழங்காலைக்கூடத் தட்டிவிடவில்லை.

“ஆப்பிரிக்கா வரைக்கும் போயி ஓட்டை போட்டுப்போட்டு வந்தனுங்க, நம்ம கரட்டுல இருக்கறது தெரியல பாருங்க. வண்டி எங்க வேணாலும் நிக்குமுங்க மேடம், இது நிக்காதுங்களே!”

வேரோடு

கரடு பிழைத்தது. நாங்கள் கேட்டுக்கொண்டதற்காகப் பாவாயி அக்கா தன் ஆடுகளை உச்சிப் பக்கம் விடாமல், சுற்றுவழியாக மறுபக்கச் சரிவுக்கு ஓட்டிப்போனார். வெயிலில் அவருக்கு அது எவ்வளவு நடை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம் தொழிலின் சங்கடம் உங்களுக்குத் தெரியும். புதுச் செடி என்று சொன்னால் போதாது, வேரும் விதையுமாக உலர்த்தி வைத்துச் சாட்சி காட்டவேண்டும். செடிகள் அதிகமாகப் பூத்திருந்த பக்கமாகப் பார்த்து ஒன்றிரண்டை முருகேசன் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, சரிவிலிருந்து பாவாயி அக்கா பார்த்துவிட்டார். குச்சியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

“ஆடு கடிச்சாத் தழையத்தானுங்க கடிக்கும். அதுங்களைத் தொரத்திப்போட்டு, நீங்க வேரோடயல்ல புடுங்கறீங்க!”

பேர் வைத்த கதை

பேர் வைக்கிறவர் தன் பேரையே வைத்துக்கொள்வது நம் தொழிலில் வழக்கமில்லை. முருகேசன் பேரை வைக்கலாமா என்று கேட்டதற்கு, “ஏதாவது தப்பிருந்தா என் பேரல்ல கெட்டுப்போகும்” என்று மறுத்துவிட்டார். பழனிச்சாமி அண்ணனோ, தன் பேரை மட்டும் வைத்தால் கூடப் பிறந்த பங்காளிகளுக்கு யார் பதில் சொல்வது என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் வெள்ளக்கரட்டின் பேரையே லத்தீன் வால் ஒட்டி வைத்தோம். ஆராய்ச்சி இதழில் எங்கள் கட்டுரை வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

டீக்கடையில் படம் கைமாறிக் கைமாறிப் போனது. பூவின் படம் பக்கம் முழுக்கப் பெரிதாக்கிப் போட்டிருந்ததால், இவ்வளவு பெரிய பூ நம் கரட்டிலா என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். பாவாயி அக்கா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. பேரைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அந்த லத்தீனுக்குள் தன் ஊர்ப் பேர் வருகிற இடத்தில் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது.

“எங்கூருப் பேரைப் பஸ்ஸு போர்டுலகூடப் போடமாட்டாங்க. ஒலகத்துல யாரு இந்தச் செடியப் பத்திப் பேசுனாலும் எங்கூரச் சொல்லித்தானுங்களே ஆவணும்?”

இப்படியாக, உலகம் அறியாத ஒரு செடியை உலகுக்குச் சொன்ன பெருமையில், அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் யார் வீட்டு ரோஜாத் தொட்டியில் பூச்சி விழுந்தாலும் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.