ஒற்றைக் கண்ணால் பந்து பிடித்தல்

ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் என்னை இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோரத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஓவியம், உடல்நலம், விளையாட்டு மூன்றையும் நான் எடுக்க வேண்டும். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் அப்பா, "விளையாடச் சொல்லிக்குடுக்கதுக்கும் ஒரு படிப்பா மக்கா?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நான் படித்த பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை கணக்கு சாருக்குச் சொந்தம்.

"விளையாட வராத ஒரு பிள்ளையப் பாருங்க. உடனே திருத்தப் போகாதீங்க. ஏன் வரலைன்னு மட்டும் பாருங்க" என்று எங்கள் விரிவுரையாளர் மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

தேட வேண்டியிருக்கவில்லை. வட்டமாக நின்று பந்து போட்டால், ஒரு சிறுமியிடம் வரும்போதெல்லாம் அது தோளில் பட்டு மணலில் விழுந்தது.

"அவளுக்க கை ஓட்டக்கையாக்கும் சாரே" என்றான் ஒருவன்.

"ஒனக்க வாய்தாம்ல ஓட்ட" என்றாள் அவள்.

பயந்தவள் இல்லை. ஓட்டத்தில் பையன்களை முந்துகிறாள். கை பந்தை நோக்கித்தான் போகிறது, ஆனால் பந்து வருமுன்பே மூடிக்கொள்கிறது. ஏன்?

கண்ணாக இருக்குமோ என்று, எழுத்துகள் அச்சிட்ட பரிசோதனை அட்டையைச் சுவரில் மாட்டி வகுப்பையே வரிசையில் நிறுத்தினேன். இரண்டு கண்ணாலும் கடகடவென்று வாசித்தாள். குழம்பிப்போனேன்.

மறுநாள் இடைவேளையில் பிள்ளைகள் 'கண் டாக்டர்' விளையாடினார்கள். அட்டையே இல்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எல்லா வரியையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். வரிசையில் நிற்கும்போதே கேட்டுக் கேட்டு மனப்பாடம்! உடனே அவளைக் கூப்பிட்டு, கீழ் வரியிலிருந்து தாறுமாறாகத் தொட்டுக் காட்டினேன். வலக்கண் சரியாகச் சொன்னது. வலக்கண்ணைப் பொத்தியதும் மறுபடி முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள்.

மீன் விற்கும் அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பந்து பிடிக்கதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போணுமா சாரே? எனக்க பிள்ளைக்கி ஒரு கொறயும் கெடயாது." பிறகு என்ன தோன்றியதோ, மகளின் வலக்கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று கூடையிலிருந்து ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தார். "ஏட்டி, இது சாளயா, அயிலயா?"

"சாள" என்றாள். அம்மா கையில் இருந்தது அயிலை.

அம்மா மீனைக் கூடையில் வைத்தார். அடுத்த நாள் வியாபாரத்துக்குப் போகவில்லை, மகளோடு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார்.

இடக்கண் வேலை செய்யாமல் சோம்பியிருக்கிறதாம். கண்ணாடி போட்டு, நன்றாகத் தெரிகிற கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இந்த வயதில் செய்தால் தெளிய வாய்ப்புண்டு, வளர்ந்த பிறகு கடினம் என்று டாக்டர் சொன்னாராம். "நல்லாத் தெரியுத கண்ணப் போயி மூடிட்டாவ, எல்லாம் உங்களாலதான்" என்று அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். அன்றைக்கே, 'ஓட்டக்கை' என்ற பையன் 'ஒத்தக்கண்ணி' என்று பெயர் வைத்துவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்மூடி பைக்குள் போய்விட்டது. அம்மா கெஞ்சியும் போடவில்லை.

அந்த வாரம் மேடம் என் பாடத்தைப் பார்வையிட வந்தார். ஓவிய நேரத்தில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஆளுக்கொரு கண்மூடி செய்து வண்ணம் தீட்டச் சொன்னேன். பூ, படகு, சிங்கம் எல்லாம் வந்தன. அவள் ஓர் அயிலை வரைந்து, ஆஸ்பத்திரிக் கண்மூடியின் மேல் ஒட்டினாள். பிறகு எல்லோரும் வலக்கண்ணை மூடிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம்.

பந்து ஒருவர் கையிலும் நிற்கவில்லை. பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறதென்றே தெரியவில்லை. எனக்கும் மூக்கில் பட்டது. மேடமும் ஒரு கண்மூடியை வாங்கிக் கட்டிக்கொண்டு, காற்றைப் பிடித்தார். பேர் வைத்த பையன் மணலில் பந்தைத் துழாவியபடி, "உனக்கு எப்பவும் இப்பிடித்தாம்ட்டி இருக்குமா?" என்று அவளிடம் கேட்டான். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"பின்னே?" என்றாள்.

மணி அடித்ததும் பிள்ளைகள் கண்மூடிகளைக் கழற்றி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். அவள் கழற்றவில்லை.

"எனக்கு இன்னும் நேரமாவல்ல சாரே" என்று சொல்லிவிட்டு, அயிலைக் கண்ணோடு வகுப்புக்குள் போனாள்.