நான்காவது ஆள்

எலிஹு கார்வர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் குதிரைப் பிரிவில் சேருமுன் இந்தியானாவில் கால்வாய்ப் படகு இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. எந்த மிருகமும் அவர் கைக்கு அடங்கும். அதுவே வினையாயிற்று.

குதிரைப்படை இறங்கிச் சண்டை போடும்போது வரிசையில் நின்று ஒன்று முதல் நான்கு வரை எண் சொல்வார்கள். மூன்று பேர் துப்பாக்கியோடு முன்னே போக, நான்காவது ஆள் நால்வரின் குதிரைகளோடும் பின்னால் மரங்களுக்குள் நிற்பான். கார்வருக்கு எப்போதும் அந்த இடம்தான். மற்றவர்கள் திரும்பிவந்து காப்பி காய்ச்சியபடி சண்டைக் கதை பேசுவார்கள். அவரிடம் சொல்ல ஒன்றுமிருக்காது.

"என்னண்ணே, இன்னிக்கும் குதிரைங்கதான் உங்களக் காப்பாத்துச்சா?" என்பான் அவருடைய நால்வரில் மூன்றாவது ஆளான ஓரின். மற்ற இருவர், டோபியாஸும் லைமனும், சிரிப்பார்கள்.

டென்னசியில், ஒரு மாவுமில் ஓடைக்கரையில் சண்டை மூண்ட காலையில், கார்வர் ஓரினை நகர்த்திவிட்டு அவன் இடத்தில் நின்றார்.

"அண்ணே, என் குதிரை எனக்கே அடங்காது. நாலையும் எப்படிப் பிடிப்பேன்?"

"ஒரு நாளைக்குப் பிடிடா. நானும் போய்ப் பாத்துட்டு வரேன்."

"பாத்துட்டு வர அது என்ன சந்தையா?"

அதற்குள் எண் சொல்லும் முறை வந்துவிட்டது. "மூணு" என்றார் கார்வர். ஓரின் வேண்டாவெறுப்பாக "நாலு" என்றான்.

வேலியோரம் படுத்துச் சுட்டார்கள்.

"தலையத் தாழ்த்துங்கண்ணே, நல்ல தொப்பி, ஓட்டையாயிடும்" என்றான் டோபியாஸ். கார்வர் வாய்விட்டுச் சிரித்தார்.

எதிரிகள் ஓடையைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்ததும் பின்வாங்கச் சொல்லி ஊதல் கேட்டது. மூவரும் மரங்களுக்கு ஓடினார்கள். அங்கே குதிரைகள் இல்லை. பக்கத்தில் பீரங்கிக் குண்டு வெடித்ததில் மிரண்டு ஓடியிருந்தன. துரத்திவந்த குதிரைக்காரர்களிடம் டோபியாஸும் லைமனும் கைதூக்கி நின்றார்கள். கார்வர் மில் வாய்க்காலில் கழுத்தளவு நீரில் பதுங்கிக் கிடந்தார்.

எதிரிகள் போனபின் ஓரினைத் தேடிக் கண்டார். கடிவாள வாரைக் கையில் சுற்றிக் கட்டியிருந்தான், புதிதாகப் பிடிப்பவன் செய்கிற தப்பு. குதிரைகள் அவனையும் இழுத்துக்கொண்டு ஓடியிருந்தன. வார் அறுந்த இடத்தில் கிடந்தான். உயிர் இல்லை.

கார்வர் அவனைப் புதைத்துவிட்டுச் சீழ்க்கை அடித்தார். குதிரைகள் ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன.

படையை எட்டிப் பிடித்தபோது சார்ஜென்ட் சொன்னார்: "நம்ம ஆளுங்க கால்நடையா வராங்க. அந்த மூணையும் குடுய்யா."

இரண்டைக் கொடுத்தார். "இது ஓரினோடது. யாரையும் ஏத்திக்காது, ஐயா. நான் நடத்திக் கூட்டிட்டு வரேன்."

சார்ஜென்ட் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போனார். படை முன்னே போயிற்று. கார்வர் தன் குதிரையிலும் ஏறாமல், இரண்டுக்கும் நடுவே, புழுதிக்குள் கடைசியாக நடந்தார்.