முதல் தண்ணீர் யாருக்கு

எட்டு வயதில் நான் கேட்ட கேள்விக்கு எங்கள் மிராசுதார் பதில் சொல்லவில்லை. அடி கொடுக்கச் சொன்னார். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா அவருடைய குத்தகைக்காரர். நாங்கள் குத்தகைக்கு எடுத்த வயலும், அவரே ஆள் வைத்துப் பயிரிட்ட வயலும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருந்தன. தண்ணீர் வந்தால் முதலில் அவர் வயல் நிறையும், மிச்சம்தான் எங்களுக்கு. ஒரு குறுவையில், வரப்பில் நின்றவரிடம் கேட்டுவிட்டேன்: "ரெண்டு வயலும் உங்களுதுதானே ஐயா? அப்புறம் ஏன் ஒண்ணுக்கு மட்டும் முதல்ல தண்ணி?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம், "புள்ளைக்கு வாய் நீளுது. ஒண்ணு வை" என்றார். ஆட்சி மாறிய புதிது. குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது என்ற பேச்சிலேயே ஊருக்கு ஊர் மிராசுதார்கள் குத்தகை ஆட்களை நிலத்தைவிட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய துண்டோடு அப்பா என்னை அறைந்தார்.

அன்று அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. என்னிடம், "தோணுறதெல்லாம் கேளு. அந்தாளு வாயிலேருந்து ஒருநாள் பதில் வந்தாகணும்" என்றாள். அதன்பிறகு எங்கள் அடுப்படியில் எதையும் கேட்கலாம். நண்டு ஏன் வரப்பில் வளை தோண்டுகிறது, பழைய அரிசி ஏன் கூடுதலாகச் சோறு காணுகிறது. அவளுக்குத் தெரியாததைக் கடைத்தெரு பாயிடம் என்னையே போய்க் கேட்கவைப்பாள்.

என் மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். வெறும் பாசம் என்று பொய் சொல்ல மாட்டேன், வஞ்சமும் இருந்தது. அந்த வாய்க்கால் கதையைச் சொல்லிச் சொல்லியே சோறு ஊட்டினேன்.

அவளுக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில் நாங்கள் அப்பா வீட்டில் இருந்தபோது, தன் பேரன் கல்யாணப் பத்திரிகையோடு மிராசுதார் அங்கே வந்தார். தளர்ந்திருந்தார். எங்கள் குத்தகை வயலை அப்பா அவரிடமே விலைக்கு வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளை முன்னால் தள்ளினேன்.

என் கேள்வியை அவள் கேட்டாள்: "ரெண்டு வயலும் அப்ப உங்களுதுதானே? அப்புறம் ஏன் ஒண்ணுக்கு மட்டும் முதல்ல தண்ணி?"

"அது அந்தக் காலத்து வழக்கம் பாப்பா" என்று சிரித்தார்.

"யாரு வச்ச வழக்கம்?"

"எங்க அப்பா காலத்துலேருந்து."

"ஏன்னு நீங்க அவர்கிட்ட கேக்கலையா?"

"கேட்டா அடிப்பாரு."

அத்தோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் அப்பா பக்கம் திரும்பினாள். "அவரு சொன்னா நீங்க ஏன் தாத்தா எங்கம்மாவை அடிச்சீங்க?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா துண்டைக் கையில் எடுத்தார், மறுபடி தோளில் போட்டார். "பயந்துட்டேன் கண்ணு" என்றார், மிராசுதார் முன்னாலேயே.

மிராசுதார் பத்திரிகையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றேன். "அவ இன்னும் கேட்டு முடிக்கலை."