மதிலுக்குக் கீழே குளிப்பவர்கள்

திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டை. அதன் மதிலை ஒட்டிய தெருவில்தான் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. மதிலுக்கு நூறு மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது என்பதைக் கல்யாணத்துக்கு முன் யாரும் சொல்லவில்லை. குளியலறை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் பழைய புடவை, மேலே வானம்.

மகள் வயதுக்கு வந்ததும் என் கணவர் செங்கல் இறக்கினார். சுவர் முழங்கால் உயரம் வந்தபோது கோட்டையைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்.

"கட்டொத்தம்மா," என்றார் தெலுங்கில். கட்டாதீர்கள்.

"மாடியா சார் கட்றோம்? குளிக்கறதுக்குத்தான்," என்றேன்.

"புரியுதும்மா. ஒருத்தருக்கு விட்டா தெருவே கட்டும். அப்புறம் கோட்டை எங்க இருக்கும்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. செங்கல் அங்கேயே கிடந்து பாசி பிடித்தது.

பிறகு சுற்றுலா வருபவர்கள் மதில்மேல் நடக்கப் பாதை போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தகர மறைப்புக்குள் தெரியும். அன்றிலிருந்து நாங்கள் விடியுமுன்னே குளித்தோம். ஒரு நாள் நான் வேலை செய்யும் லாட்ஜில் துணி வெளுத்துவிட்டு மதியம் திரும்பினேன். வேர்வை தாங்கவில்லை. மதில் காலியாக இருந்ததால் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சோப்பு போட்டு முடிக்கவில்லை, தலைக்கு மேலே பேச்சுச் சத்தம். ஒரு பஸ் கூட்டம். பாவாடையை மார்போடு இறுக்கித் தகரத்தோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"வெளிய வராத," என்று மகள் குடையோடு ஓடி வந்தாள். ஒரே குடைக்குள் இருவரும் குந்தியிருந்தோம். மேலே போன்களை நீட்டினார்கள். எங்களை எடுத்தார்களா, மலையை எடுத்தார்களா, தெரியவில்லை. கோட்டைக் காவல்காரர் விசில் ஊதினார், யாரும் நகரவில்லை. சோப்பு உடம்பில் காய்ந்து அரித்தது.

"அம்மா, வேற எங்கனா போய்டலாமா?"

"இந்த வூட்ட யாரு வாங்குவா?" என்றேன்.

 கூட்டம் இறங்கிப் போகும்வரை அவள் குடையைச் சாயாமல் பிடித்திருந்தாள்.

இப்போது மகள் புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தெருவில் எல்லோரையும் போல நாங்களும் குளியலறை கட்ட அனுமதி கேட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை. நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறேன், பிறகு தரையைத் துடைத்து அடுப்பு மூட்டுகிறேன்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் தங்கிப் போகும்படி அவளிடம் போனில் சொன்னேன்.

"காலைல வந்துட்டு சாயந்திரம் போய்டறேம்மா," என்றாள். "இங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பா கீது."

நான் வற்புறுத்தவில்லை.