கௌசல்யாவின் நீல றேஸ் சைக்கிள்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் நான் வேலை செய்த சைக்கிள் கடையின் வாசலில், "இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது" என்று மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை ஒன்று தொங்கியது. பொலிஸார் சொல்லி முதலாளி எழுதுவித்தது. மதிலோரம் ஆளில்லாமல் ஒரு சைக்கிள் நின்றால் அந்த நாட்களில் கொழும்பில் எவரும் அதற்குப் பக்கத்தால் போகமாட்டார்கள். சைக்கிளில் குண்டு வைத்த செய்திகளை எல்லோரும் படித்திருந்தோம். அதனால் எங்களிடம் வருபவர்கள் சைக்கிளைக் கடைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வருவார்கள்.

நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருவேன். விற்பனையும் ரிப்பேரும் என் பொறுப்பு. முதலாளி வேலாயுதம், புறக்கோட்டையில் சைக்கிள் சாமான் மொத்த வியாபாரம் செய்த இந்தியப் பூர்வீகக் குடும்பத்தவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

அளவுக்கு ஒரு ஃபிரேம்

கௌசல்யா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். வடக்கே பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை. ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அறை எடுத்திருந்தாள்.

"அண்ணை, றேஸ் சைக்கிள் இருக்கோ? ஆகலும் விலையானது வேண்டாம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். முதல் நீந்தோணும், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். ட்ரையத்லன் எண்டு சொல்லுறது. புது ஆக்களுக்கு ஒரு சின்னப் போட்டி வைக்கினம். ஒஃபிஸில நிலந்தி எண்டொரு பிள்ளை பேர் குடுத்திட்டா. என்னையும் வரச் சொல்லுறா."

"நீந்துவீங்களோ?"

"கடலுக்குப் பக்கத்தில வீடு. அப்பா பழக்கினவர்."

"வீட்டில என்ன சொல்லுகினம்?"

அவள் சுவரில் தொங்கிய ரயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்குச் சொல்லேல்ல. அவ போன் எடுத்தா, அறையும் ஒஃபிஸும்தான் எண்டு சொல்லுவன். இஞ்ச வந்த நாள் துவங்கி அது உண்மைதான் அண்ணை. றோட்டில ஆமி மறிப்பாங்கள், கேள்வி கேப்பாங்கள் எண்டு ஒரு இடமும் போறேல்ல. இதுக்கெண்டாலும் போவம் எண்டு பாக்கிறன்."

கடையில் அவளுக்குப் பொருத்தமாக ஒன்றும் இருக்கவில்லை. நுகேகொடையில் ஒரு யார்ட்டில் ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களை இறக்குவார்கள். அடுத்த கிழமை அங்கே போனேன். முதல் தடவை றேஸுக்கு வாங்குபவர்கள் பார்ப்பது நிறத்தையும் கியர் எண்ணிக்கையையும். நான் பார்ப்பது ஃபிரேமின் அளவை. காலை நிலத்தில் ஊன்றி நின்றால் மேல்குழாய் உடம்பில் இடிக்கக் கூடாது. உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடிய வேண்டும். அளவு பிழைத்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோசனமில்லை. அவள் உயரத்துக்கு ஒரு நீல இரும்பு ஃபிரேம் கிடைத்தது. பெயின்ற் உரிந்திருந்தது, ஆனால் வளைவு வெடிப்பு ஒன்றும் இல்லை. புது ரயர், ரியூப், பிறேக் கட்டை, செயின் போட்டேன்.

படத்தில் பார்த்ததாக, முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓடும் நீண்ட ஹேண்டில் ஒன்றைக் கேட்டாள். "அது இப்ப வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெற் ஒண்டு வாங்குங்கோ" என்றேன். வாங்கினாள். வழியில் ரியூப் வெடித்தால் மாற்றுவதற்கு ஒரு ரியூபும் ரயர் கழற்றும் நெம்புகளும் வைத்து, சீற்றுக்குக் கீழே சின்னக் கறுப்புப் பை ஒன்றை நானே கட்டிக் கொடுத்தேன். குழாயில் கடையின் பெயரும் போன் நம்பரும் உள்ள ஸ்டிக்கரையும் ஒட்டினேன்.

தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, கடை திறந்த கையோடு போன் அடித்தது. சிங்களத்தில் ஒரு அதட்டல் குரல். உங்கள் கடை நம்பர் ஒட்டிய சைக்கிள் ஒன்று கடற்கரையில் நிற்கிறது, விற்றவன் உடனே வரவேண்டும்.

முதலாளி சாமி படத்துக்கு முன்னால் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ போகாத குலம். நான் போய்ப் பேசிக்கிறேன்."

"என்ர கையால சாமான் போட்டுப் பூட்டின சைக்கிள் முதலாளி. அவங்கள் கேக்கிறதுக்கு நான்தான் பதில் சொல்லோணும்."

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். தெஹிவளைப் பக்கமாக ஒரு ரயில் நடுவழியில் நின்றது. அலுவலகம் போகிற சனம் ஜன்னல்களால் எட்டிப் பார்த்தது. தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கற்பாறை ஒன்றில் அந்த நீலச் சைக்கிள் சாய்ந்து நின்றது.

கௌசல்யா முழங்கால் தண்ணீரில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அலை வரும்போதெல்லாம் ஆடினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. கரையில் இரண்டு ஆமிக்காரர் துவக்கை அவள் பக்கம் நீட்டியிருந்தார்கள். நீந்திவிட்டு ஈர உடம்போடு உடனே சைக்கிள் ஏறிப் பழகுவதற்காக வந்திருக்கிறாள். வழக்கமாகச் சைக்கிளுக்குக் காவல் நிற்கும் நிலந்தி அன்று காய்ச்சலால் வரவில்லை. கௌசல்யா என்னைக் கண்டாள். கூப்பிடவில்லை.

ஆமி அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பையில் என்ன என்று கேட்டார். ரியூபும் நெம்பும் என்றேன். குழாய்களுக்குள் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை சேர் என்றேன். குண்டு பிரிவு வர நேரமாகும், வந்தால் சைக்கிளை வெடிக்க வைத்துவிடுவார்கள், ரயிலும் அதுவரை நிற்க வேண்டும் என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓயா நே விக்கே? எஹெனங் ஓயாம கலவன்ன."

நீதானே விற்றாய், அப்படியென்றால் நீயே கழற்று. சொல்லிவிட்டு எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார்.

நான் தனியாக நடந்தேன். ஒவ்வொரு ஆணியையும் நானே இறுக்கிய சைக்கிள். அதற்குள் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் கடலில் நின்ற நேரத்தில் வேறு யாராவது வந்து ஏதாவது வைத்திருந்தால்? அந்த எண்ணம் பாதி வழியில்தான் வந்தது. அதன்பிறகு காலை எடுத்து வைப்பது பெரிய வேலையாகிவிட்டது. என் மனைவியை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, அவளையே நினைத்தேன்.

பையின் சிப்பைத் திறந்தேன். ரியூப். நெம்பு. ஒரு பிஸ்கற் பக்கற். ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டிவிட்டுக் கல்லில் வைத்தேன். சீற்றைக் குழாயோடு உருவினேன். ஹேண்டிலின் இரண்டு முனைகளிலும் இருந்த மூடிகளைக் கழற்றினேன். கடைசியில் சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி உதறினேன். கொஞ்சம் துருவும் மணலும் விழுந்தன. கிறீஸ் மணம் வந்தது. அந்த மணம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ரயில் புறப்பட்டுப் போயிற்று. ஆனால் கௌசல்யாவை விசாரணைக்கென்று பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்தார். போகச் சொன்னார்கள், போகவில்லை. "அபே கடே கஸ்டமர்" என்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் கடை வாடிக்கையாளர் என்று. நிலந்தியும் காய்ச்சலோடு, தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னேரம் விட்டார்கள்.

கடைக்குள்ளே

அடுத்த கிழமை கௌசல்யா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, இதைத் திருப்பி எடுப்பீங்களோ? அறை தந்த வீட்டுக்காரர் சைக்கிள் வைக்க வேண்டாம் எண்டிட்டார். எனக்கும் றோட்டில ஏறப் பயமாக் கிடக்கு."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கல்லாவை விட்டு எழும்பி வந்து சைக்கிளைப் பிடித்தார்.

"திருப்பி எடுக்க மாட்டேம்மா. இங்கயே நிக்கட்டும். காலையில வந்து ஓட்டுங்க."

"எங்க ஓட்டுறது?"

"கடைக்குள்ளதான். குலம் ஏதாச்சும் பண்ணுவான்."

பின்சில்லு நிலத்தில் படாமல் ஒரு உருளையில் சுற்றும்படி இரும்புச் சட்டத்தில் ஸ்டாண்ட் ஒன்றை வெல்டிங் கடையில் ஒட்டுவித்தேன். அதன்பின் வேலைக்குப் போக முன்னர் அவள் வருவாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரயர்கள் தொங்கும் சுவரைப் பார்த்தபடி மிதிப்பாள். முதலாளி சாமிக்குப் பூ வைப்பார். உருளையின் இரைச்சல் மட்டும் கேட்கும்.

ஒருநாள் இறங்கி வியர்வையைத் துடைத்தபடி, "ஒரு இடமும் போகேல்ல அண்ணை. ஆனா காலுக்கு அது தெரியேல்ல" என்றாள்.

நீச்சலுக்கு நிலந்தி அவளைத் தெரிந்தவர்கள் மூலம் ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே முதல் நாள் தண்ணீரில் இறங்கியதும் கௌசல்யா நடுங்கிக்கொண்டு வெளியே ஏறிவிட்டாளாம். இரண்டாம் நாளும் அப்படித்தானாம். அதற்குப் பிறகு நீந்தினாள்.

ஏரிக்கரை

போட்டி கொழும்புக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில் நடந்தது. நிலந்தியின் தகப்பன் தன் வான் வண்டியில் எங்களைக் கொண்டுபோனார். கடையைப் பூட்டிவிட்டு முதலாளியும் வந்தார்.

ட்ரையத்லனில் நீந்துவதற்கு முன்னர் எல்லோரும் தங்கள் சைக்கிளை ஒரு வேலிக்குள் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். சொந்தக்காரர் தண்ணீரில் இருக்கும்வரை அவை ஆளில்லாமல்தான் நிற்கும். அது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு முன்னரே தெரிந்திருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை.

சைக்கிளைக் கம்பியில் மாட்டியவள் கையை எடுக்காமல் நின்றாள். வாசலில் ஒரு ஆமிக்காரர் காவல் நின்றார். பிறகு ஹெல்மெற்றை ஹேண்டிலில் கொழுவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்கு நடந்தாள்.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். ஏரியை நான் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளியும் அப்படித்தான் நின்றார்.

பலர் வந்து, தங்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் வடிய ஓடி வந்தாள். நீலச் சைக்கிளைக் கண்டதும் நின்றாள். சீற்றில் கையை வைத்தாள். நிலந்தி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போ, போ என்றார்கள். அவள் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு ஹெல்மெற்றைப் போட்டு உருட்டிக்கொண்டு ஓடினாள்.

கடைசி ஆட்களோடுதான் முடித்தாள். வந்து புல்லில் இருந்தாள். முதலாளி சோடா உடைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"ஒருத்தரும் அதைத் தொடேல்ல அண்ணை."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அளவு, ரயர், பிறேக் எல்லாம் சொல்லிக் கொடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருக்குச் சைக்கிளை விற்கும்போது, அவர் அதில் எங்கே போவார் என்று மட்டும் கேட்காதீர்கள். இறங்கிய பிறகு அதை எங்கே விடுவார் என்றும் கேளுங்கள். அப்படி ஒரு இடம் அவருக்கு இல்லையென்றால், உங்கள் கடையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.