கம்பி வைத்த வீடு

என் மாமனார் பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்தபோது, அவரைத் தூக்குவதற்கு ஆள் தேடிக் கீழ் லயத்துக்கு ஓடினேன். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கின்றன. எல்லாரும் கொழும்புக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். நான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரும்வரை மனிதர் மழையில் நனைந்துகொண்டே கிடந்தார்.

பக்கத்தில் இருந்த நானே தூக்கியிருக்கலாம்தான். ஆனால் மருமகள் மாமனாரின் கையைத் தொடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குத் தேநீர் கொடுப்பதென்றால் கோப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். அன்றும் குனிந்து பார்த்தேன். "வேணாம் புள்ள, ஆளக் கூப்பிடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விழுந்து கிடக்கும்போதும் வீம்பு.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்றார்கள். கொழும்பில் இருக்கும் என் கொழுந்தன் போனில் சொன்னான்: "இன்னொரு தடவ விழுந்தாருன்னா நான் கூட்டிக்கிட்டு வந்துருவேன் அண்ணி. இங்க பாத்ரூம் எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அவர் போய்விட்டால் நான் தனி. என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அந்த வீட்டில் என்னைத் தவிர இருமுவதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார். அவர் விழக்கூடாது என்று நான் பட்ட பாட்டில் பாதி அவருக்காக, மீதி எனக்காக.

தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள் நான். தவழ்கிற குழந்தைக்கு எது ஆபத்து என்பதைத் தரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அப்படியே வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அடுப்படியில் கால் தடுக்கும் சாக்கை எடுத்து வீசினேன். குசினிக்கும் அறைக்கும் நடுவே இருந்த கட்டையைப் பெயர்த்தேன். பின்பக்கப் படியில் பாசி ஏறிவிட்டிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, சொரசொரப்பாகச் சீமெந்து பூச வைத்தேன். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் சுவரோடு இரும்புக் குழாய். குழாய் பதிக்க வந்த மேசன் பாஸ் சிரித்தார்.

"என்னாக்கா, பஸ்ஸுக்குள்ள மாதிரி எல்லா எடத்துலயும் கம்பி கேக்குறீங்க?"

"பஸ்ஸுல பக்கத்துல நிக்கிற ஆளையாவது புடிச்சுக்கலாம். இங்க யாரப் புடிக்கிறது?" என்றேன்.

என் கைக்குப் பதிலாகத்தான் அத்தனை கம்பியும். மாமனார் முதலில் முறைத்தார். நான் பார்க்கும்போது கம்பியைத் தொடமாட்டார். நான் அடுப்பு ஊதும் நேரத்தில், அவர் உள்ளங்கை குழாயில் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் மனசுக்குள் ஒரு நிம்மதி. எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. "வெந்நி வச்சிருக்கு மாமா" என்பேன். "ம்" என்பார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் அவர் விழவில்லை. பொங்கலுக்குக் கொழுந்தன் வந்தான். வீட்டைப் பெருமையோடு காட்டினேன். அவன் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வரை போய்த் திரும்பினான். முகம் வாடிவிட்டது.

"இவ்வளவு கம்பி வைக்கிற அளவுக்கு அப்பாவுக்கு முடியாமப் போச்சா? ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி."

"கம்பி இருக்கிறதாலதான் விழாம இருக்காரு" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். கம்பி இல்லாட்டி விழுந்துருவாருன்னா, நாளைக்கே என்கூடக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன் அண்ணி" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனைத் திட்டவும் முடியவில்லை.

மாமனார் ஒரு வார்த்தை "வரமாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் அவர் சட்டைகளை மடிக்காமல் அப்படியே பையில் அமுக்கினேன்.

மறுநாள் காலையில் கொழுந்தன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கி, ஆட்டோப் பக்கம் போய்விட்டான். வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் மண்படியில் நான் கம்பி வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாமனார் அந்தப் பக்கம் போனதே இல்லை. மேல்படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். நான் நினைத்ததை விட லேசான கை. ஒவ்வொரு படியாக இறங்கினோம். கீழே வந்ததும் கேட்டுவிட்டேன்.

"போகலன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாமா?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"ஒனக்கும் வயசாகுது புள்ள. நீ விழுந்தா என்னால தூக்கவா முடியும்?" பிறகு கேட்டார்: "தனியா இருக்கப்போற. விழுந்தா யாரு வருவா?"

"கீழ் லயத்துல ஆளுங்க இருக்காங்க மாமா. ஒரு சத்தம் போட்டா ஓடி வந்துருவாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். தீபாவளி முடிந்த கையோடு கீழ் லயத்துக்காரர்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.